57 சதவீதமும் 0.17-உம்: லண்டன் சைலோசிபின் ஆய்வைப் பிரித்துப் பார்த்தால்

ஒரே ஆய்வை வைத்து இரண்டு செய்தி எழுதலாம். "மனச்சோர்விலிருந்து மீண்டவர்கள்: சைலோசிபின் எடுத்தவர்களில் 57 சதவீதம், வழக்கமான மாத்திரை எடுத்தவர்களில் 28 சதவீதம்" என்பது ஒன்று. "இரண்டு மருந்துக்கும் இடையே நிறுவத்தக்க வேறுபாடு இல்லை, பி மதிப்பு 0.17" என்பது இன்னொன்று. (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரக்கூடிய வாய்ப்புதான் பி மதிப்பு; அது 0.05-க்குக் கீழே வந்தால் நிறுவப்பட்டதாகக் கொள்வது வழக்கம்.) இரண்டும் பொய்யில்லை. ஒரே கட்டுரையின் சுருக்கத்தில் சில வரி தள்ளித்தள்ளி இருக்கின்றன.

இம்பீரியல் காலேஜ் லண்டனின் சைக்கடெலிக் ஆய்வு மையத்தில் ராபின் கார்ஹார்ட்-ஹாரிஸ், டேவிட் நட் குழுவினர் நடத்திய இரண்டாம் கட்ட ஆய்வு அது. 2021 ஏப்ரலில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. ஒருவகைக் காளான்களில் இருக்கும் சைலோசிபினை, மனநல மருத்துவர்கள் அன்றாடம் எழுதித்தரும் எஸ்சிடலோபிராமோடு நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்து அதே நோயாளிகளின் மூளை ஸ்கேன் முடிவுகள் நேச்சர் மெடிசினில் வந்தன. சைலோசிபின் மூளையை "விடுவிக்கிறது" என்ற பேச்சு கிளம்பியதும், அதற்கு எதிர்ப்பு கிளம்பியதும் அதிலிருந்துதான். இரண்டு கட்டுரைகளையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒன்று புலப்படும்: மருந்து வேலை செய்ததா என்பதற்குப் பதில் சொல்லும் வசதியே அந்த ஆய்வின் கட்டமைப்பில் குறைவாக இருந்தது.

கேப்சூல் கணக்கு

ஏறத்தாழ 1,000 பேரைப் பரிசீலித்து 59 பேரை எடுத்தார்கள். சராசரி வயது 41. பெண்கள் மூன்றில் ஒரு பங்கு. தனக்கோ குடும்பத்திலோ மனச்சிதைவு வகை நோய் இருந்தவர்கள், தீவிரமாகத் தற்கொலைக்கு முயன்றவர்கள், எம்ஆர்ஐ எடுக்க முடியாதவர்கள், ஏற்கெனவே எஸ்சிடலோபிராம் சாப்பிட்டவர்கள் எல்லாரும் வெளியே. மற்ற மனநல மருந்துகளைக் குறைந்தது 2 வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். 1,000 என்பது 59 ஆனபோதே ஆய்வின் முடிவு யாருக்குப் பொருந்தும் என்பது பாதி தீர்மானமாகிவிட்டது.

30 பேர் கொண்ட முதல் குழுவுக்கு 25 மி.கி. சைலோசிபின், 3 வார இடைவெளியில் இரண்டு முறை. முதல் டோஸுக்கு மறுநாளிலிருந்து 6 வாரம் தினமும் கேப்சூல். அதற்குள் மருந்தே இல்லை, வெறும் செல்லுலோஸ். 29 பேர் கொண்ட இரண்டாம் குழுவுக்கும் அதே இரண்டு நாள்களில் சைலோசிபின், ஆனால் வெறும் 1 மி.கி.; அது எந்த அனுபவத்தையும் தராத அளவு என்று கணக்கிட்டார்கள். அவர்களுடைய தினசரி கேப்சூலில்தான் எஸ்சிடலோபிராம் இருந்தது: முதல் 3 வாரம் 10 மி.கி., அடுத்த 3 வாரம் 20 மி.கி. முதல் பாதியில் ஒரு கேப்சூல், பின்பாதியில் இரண்டு என்பது இரு குழுவுக்கும் பொது. டோஸ் நாளில் கண்மறைப்பு, இசை, பக்கத்தில் இரண்டு வழிநடத்துநர்கள். முன்னும் பின்னும் உளவியல் ஆதரவு. இதிலும் இரு குழுவுக்கும் பாகுபாடு இல்லை.

எல்லாரிடமும் "உங்களுக்கு சைலோசிபின் கிடைக்கும்" என்றே சொன்னார்கள். அளவை மட்டும் சொல்லவில்லை. சாமர்த்தியமான ஏற்பாடுதான். அது எங்கே சறுக்கியது என்று பிறகு பார்ப்போம்.

எஸ்சிடலோபிராம் மெதுவாகப் பிடிக்கும் மருந்து. 20 மி.கி.யில் அவர்கள் இருந்தது 3 வாரம்தான், அதன் முடிவிலேயே மதிப்பெண் போட்டாகிவிட்டது. 6 வாரம் என்ற கெடு சைலோசிபினுக்குத் தாராளம், எதிராளிக்கு இறுக்கம். பக்கவிளைவு காரணமாக எஸ்சிடலோபிராம் கேப்சூலை நிறுத்தியவர்கள் 4 பேர். அவர்களும் அதே குழுவின் கணக்கில்தான் வந்தார்கள். அப்படி எண்ணுவதுதான் முறை, அதில் தவறில்லை.

இடையே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கொடைக்கானலில் "போதைக் காளான்" என்று கைமாறும் சரக்கையும் இந்த ஆய்வையும் ஒன்றாகப் பேசுவது தமிழ் இணையத்தில் வழக்கமாகிவிட்டது. இங்கே பேசப்படுவது ஆய்வகத்தில் தயாரித்து மில்லிகிராமில் நிறுத்த பொருள். காளானில் எவ்வளவு சைலோசிபின் இருக்கிறது என்பது ஒன்றுக்கொன்று பல மடங்கு மாறும். காளானே அந்தக் காளான்தானா என்பது தனிக் கேள்வி. குடும்பத்தில் மனச்சிதைவு உண்டா என்று விற்பவர் கேட்கப்போவதுமில்லை. இந்தியாவில் சைலோசிபின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வருவது.

அளவுகோல் எப்படிக் கூட்டுகிறது

ஆய்வு தொடங்கும் முன்பே முதன்மை அளவுகோல் எது என்று அறிவித்துவிட வேண்டும். இவர்கள் தேர்ந்தது கியூஐடிஎஸ் எனப்படும் 16 கேள்விப் படிவம். நோயாளியே நிரப்புவது, மொத்தம் 27. பதினாறு கேள்விக்குத் தலா 3 என்றால் 48 வர வேண்டுமே? வராது. தூக்கத்துக்கு 4 கேள்விகள் இருக்கின்றன: தூக்கம் வரத் தாமதம், நடுவில் விழிப்பு, அதிகாலையில் விழிப்பு, அளவுமீறிய தூக்கம். இந்த நான்கில் எது அதிகமோ அது மட்டும் கணக்கில் சேரும். பசி, எடை பற்றிய 4 கேள்விகளுக்கும் அப்படியே. உடல் மந்தம், பதற்றம் என்ற 2 கேள்விகளிலும் பெரியது மட்டும். ஆக 9 பகுதி, ஒவ்வொன்றும் 3, மொத்தம் 27.

இதன் விளைவைப் பாருங்கள். ஒருவருக்குப் படுத்ததும் தூக்கம் வராத குறை 3-லிருந்து 0-க்கு இறங்கிவிட்டது. ஆனால் அதிகாலை நான்கு மணிக்கு விழித்துக்கொள்வது 3-லேயே நிற்கிறது. படிவத்தின் பார்வையில் அவருடைய தூக்கம் ஒரு புள்ளிகூடத் தேறவில்லை. வருத்தமான மனநிலை என்ற ஒரே கேள்விக்கும் தூக்கம் என்ற பகுதிக்கும் ஒரே எடை.

முடிவு இதுதான்: 6 வார இறுதியில் சைலோசிபின் குழு 8.0 புள்ளி இறங்கியது. எஸ்சிடலோபிராம் குழு 6.0. வித்தியாசம் 2.0. நம்பக இடைவெளி, அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வரம்பு, சைலோசிபினுக்கு 5.0 புள்ளி சாதகத்திலிருந்து 0.9 பாதகம் வரை. பி மதிப்பு 0.17.

அப்படியானால் 57-உம் 28-உம்? கியூஐடிஎஸ் 5 அல்லது அதற்குக் கீழே வந்தால் "மீட்சி" என்று வைத்துக்கொண்ட இரண்டாம் நிலைக் கணக்கு அது. 30 பேரில் 17. 29 பேரில் 8. ஆனால் தொடக்கப் புள்ளியைக் கவனியுங்கள். சைலோசிபின் குழு சராசரி 14.5-இல் தொடங்கியது, மற்றது 16.4-இல். 5-ஐத் தொட முதல் குழு சராசரியாக 9.5 புள்ளி இறங்கினால் போதும், இரண்டாம் குழு 11.4 இறங்க வேண்டும். ஒரே வேலிதான், ஒருவர் கொஞ்சம் மேட்டில் நின்று தாண்டுகிறார். 57-28 வித்தியாசம் முழுவதும் இதனால் வந்தது என்று சொல்லவில்லை. இதை விலக்காமல் அந்த எண்ணைத் தனியே தூக்கிப் பிடிக்கக் கூடாது.

இரண்டாம் நிலை அளவுகள் மொத்தம் 16. மனச்சோர்வை அளக்கும் வேறு படிவங்களில் வித்தியாசம் ஹாமில்டன் அளவில் 5.3, மான்ட்கோமரி-ஆஸ்பெர்க் அளவில் 7.2, பெக் அளவில் 7.6 என்று பெரும்பாலானவை சைலோசிபின் பக்கமே சாய்ந்தன. பல அளவுகளை ஒரே நேரத்தில் சோதிக்கும்போது செய்ய வேண்டிய திருத்தம் செய்யப்படவில்லை. ஆகவே இவற்றிலிருந்து முடிவுகட்டக் கூடாது என்று கட்டுரையே சொல்கிறது. ஒன்றையொன்று சாராத 16 சோதனைகளை 0.05 என்ற வரம்பில் நடத்தினால், மருந்தே இல்லாவிட்டாலும் ஏதாவது ஒன்றில் "வெற்றி" வர 56 சதவீத வாய்ப்பு. மனச்சோர்வு அளவுகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் இங்கே அது குறையும். அதே காரணத்தால், பல அளவுகள் ஒரே பக்கம் சாய்ந்தன என்பதைப் பல சாட்சிகளாக எண்ணவும் முடியாது. ஒரே சாட்சி பல முறை கூண்டேறியது போலத்தான்.

கியூஐடிஎஸ் சரியான தேர்வில்லை என்று பிற்பாடு ஆய்வுக்குழுவே வாதாடியது. வாதத்தில் சரக்கு இருக்கிறது, மேலே கண்ட தூக்கக் கணக்கே சாட்சி. ஆனால் முன்கூட்டியே வாக்குக் கொடுத்த ஒரே எண் அதுதான். தோற்ற பிறகு அளவுகோலைக் குறைசொல்வதற்கு ஒரு விலை உண்டு.

ஆய்வின் அளவே போதாது என்பதும் அந்த நம்பக இடைவெளியிலிருந்தே தெரியும். அதன் அகலம் 5.9, இதிலிருந்து திட்டப்பிழை (மதிப்பீடு தற்செயலாக ஆடும் அளவு) சுமார் 1.5. எண்பது சதவீத உறுதியோடு பிடிக்க வேண்டுமானால் வித்தியாசம் இதைப்போல் 2.8 மடங்கு, அதாவது 4.2 புள்ளி இருக்க வேண்டும். 2 புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்க 59 பேர் போதாது, அதே சிதறலுக்குச் சுமார் 260 பேர் தேவை. "வேறுபாடு இல்லை" என்பதும் ஆகவே மிகை. "தெரியவில்லை" என்பதுதான் சரியான வாசிப்பு.

மறைப்பு கிழியும் இடம்

25 மி.கி. சைலோசிபின் எடுத்தவருக்கு, தான் எடுத்தோம் என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். 2022-இல் ஜாமா சைக்கியாட்ரியில் வந்த மது அடிமைத்தன ஆய்வில், கட்டுப்பாட்டுக் குழுவுக்குத் தூக்கக் கலக்கம் தரும் டைஃபென்ஹைட்ரமின் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் அமர்விலேயே 93.6 சதவீதம் பேர் தமக்குக் கிடைத்தது எது என்று சரியாகச் சொல்லிவிட்டார்கள். 1 மி.கி. எப்படி மறைக்கும்?

மறைப்பு கிழிந்தால் இரண்டு பக்கமும் கோணும். சைலோசிபின் கிடைத்தவருக்கு உற்சாகம், கிடைக்காதவருக்கு ஏமாற்றம். இரண்டாவதை மக்கள் மறந்துவிடுகிறார்கள். புதிய சிகிச்சைக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, பழைய மருந்தை நிறுத்தி, கண்மறைப்பு போட்டுப் படுத்து, ஒன்றுமே நடக்காமல் எழுந்து, வீட்டுக்குப் போய்த் தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் நிரப்பும் படிவம் அந்த மாத்திரைக்கு நியாயமான பரீட்சையா?

இங்கே ஒரு முரண் இருக்கிறது, விமர்சகர்கள் இதைப் பெரும்பாலும் தாண்டிப்போகிறார்கள். சிகிச்சைக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் இரண்டு மருந்திலும் எவ்வளவு எதிர்பார்ப்பு என்று கேட்டு வைத்திருந்தார்கள். 2024-இல் அந்தத் தரவு வெளியானது. சைலோசிபின் மீதான எதிர்பார்ப்புதான் அதிகம், அது ஊகித்ததே. ஆனால் எதிர்பார்ப்பு அதிகமாக இருந்தவர்கள் அதிகம் தேறினார்கள் என்ற தொடர்பு எஸ்சிடலோபிராம் குழுவில்தான் காணப்பட்டது. சைலோசிபின் குழுவில் இல்லை. சைலோசிபின் பக்கத்தில் தொடர்பு காட்டியது வேறொன்று: எளிதில் பிறர் சொல்லுக்கு வசப்படும் இயல்பு. "எல்லாம் எதிர்பார்ப்பின் வேலை" என்று ஒரே வரியில் தள்ளிவிட இது இடம் கொடுக்காது. எண்ணிக்கை சின்னது என்ற குறை இதற்கும் உண்டு.

மூளைப் படம்

சைலோசிபின் உடலுக்குள் போனதும் பாஸ்பேட் கழன்று சைலோசின் ஆகிறது. மூளையில் வேலை செய்வது அதுதான். செரட்டோனினின் 5-ஹெச்டி2ஏ ஏற்பியில் ஒட்டுகிறது. கெட்டான்செரின் கொண்டு அந்த ஏற்பியை அடைத்தால் அனுபவமும் வருவதில்லை. சூரிச்சில் ஃபிரான்ஸ் ஃபோலன்வைடர் குழு 1998-லேயே இதைக் காட்டிவிட்டது. இதுவரை சண்டையில்லை. ஏற்பியில் ஒட்டிய சில மணி நேரம், வாரக்கணக்கில் நீடிக்கும் நிம்மதியாக மாறுவது எப்படி என்ற இடத்தில்தான் மூளை ஸ்கேன் வருகிறது.

அளந்தது மாடுலாரிட்டி என்ற எண்ணை. மூளையை ஊராக நினைத்தால், ஒவ்வொரு வலைப்பின்னலும் ஒரு தெரு. பேச்சுவார்த்தை பெரும்பாலும் தெருவுக்குள்ளேயே நடந்தால் மாடுலாரிட்டி அதிகம். தெருவுக்குத் தெரு கலந்தால் குறைவு. மனச்சோர்வில் சுயசிந்தனையோடு தொடர்புடைய வலைப்பின்னல் தனக்குள்ளேயே சுற்றுகிறது, சைலோசிபின் அதைத் திறந்துவிடுகிறது என்பது கருதுகோள். 59 பேரில் 43 பேரின் ஸ்கேன் கணக்கில் தேறியது: சைலோசிபின் 22, எஸ்சிடலோபிராம் 21. ஸ்கேன் எடுத்தது தொடக்கத்திலும், இரண்டாம் டோஸுக்கு 3 வாரம் கழித்தும்.

சைலோசிபின் குழுவில் மாடுலாரிட்டி குறைந்தது; பி மதிப்பு 0.039. எஸ்சிடலோபிராம் குழுவில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. மாடுலாரிட்டி குறைந்த அளவுக்கும் பெக் அளவில் மனச்சோர்வு குறைந்த அளவுக்கும் சைலோசிபின் குழுவில் ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து மாறும் அளவு; 0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.42, பி மதிப்பு 0.025. மற்றக் குழுவில் ஒட்டுறவு 0.08. எனவே இது சைலோசிபினுக்கே உரிய வழி என்று முடிவு எழுதப்பட்டது.

மனோஜ் டாஸ், ஃபிரெடரிக் பாரெட், பிலிப் கார்லெட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அதே ஆண்டு மறுப்பு எழுதினார்கள். அவர்கள் சுட்டியதை எண்ணோடு பார்த்துவிடலாம்.

முதலில் 0.025. இது ஒருபக்கச் சோதனை. திசை முன்பே தெரியும், எதிர்த்திசையில் வந்தால் எண்ண மாட்டோம் என்ற நிபந்தனையில் பி மதிப்பு பாதியாகிறது. 22 பேருக்கு 0.42 என்ற ஒட்டுறவை இருபக்கமாகச் சோதித்தால் 0.05-ஐ மயிரிழையில் தாண்டிவிடும். இதற்கு முன் 16 பேரிடம் செய்த திறந்த ஆய்வில் திசை தெரிந்துவிட்டது என்பது ஒருபக்கத்துக்கான நியாயம். ஏற்கலாம், மறுக்கலாம், ஆனால் முழு வாதமும் அந்தத் தேர்வில் தொங்குகிறது. ஒட்டுறவு பார்த்தது முதன்மை அளவான கியூஐடிஎஸ்ஸோடு இல்லை, பெக் அளவோடு என்பதும் சேர்ந்துகொள்கிறது.

அடுத்தது இன்னும் அடிப்படையானது. ஒரு குழுவில் பி மதிப்பு வரம்புக்குள், மற்றதில் வெளியே. அதனால் இரு குழுவும் வேறு என்று ஆகாது. பரீட்சையில் 36 எடுத்தவன் பாஸ், 34 எடுத்தவன் ஃபெயில். அதை வைத்து முதலாமவன் கெட்டிக்காரன் என்று சொல்ல மாட்டோம். இரண்டையும் நேரடியாக மோதவிட வேண்டும். 0.42-ஐயும் 0.08-ஐயும், ஒட்டுறவுகளை ஒப்பிட உதவும் ஃபிஷர் முறையில் மாற்றினால் 0.45, 0.08, வித்தியாசம் 0.37. அதன் திட்டப்பிழை, 19-இன் (22-இல் 3 போக) தலைகீழும் 18-இன் (21-இல் 3 போக) தலைகீழும் கூட்டிய தொகையின் வர்க்கமூலம், 0.33. வகுத்தால் 1.1. வரம்பைத் தாண்ட 1.96 வேண்டும். பி மதிப்பு 0.26-க்குப் பக்கம். கட்டுரையில் இருக்கும் எண்களை வைத்துக் கைக்கணக்காகவே போடக்கூடிய இந்த ஒப்பீட்டின் மேல்தான் "சைலோசிபினுக்கே உரியது" என்ற சொல் நிற்க வேண்டியிருந்தது. நிற்கவில்லை.

இன்னொரு சமனின்மையும் உண்டு. ஸ்கேன் நாளில் சைலோசிபின் குழுவின் உடலில் மருந்து இல்லை. எஸ்சிடலோபிராம் குழு அன்று காலைவரை 20 மி.கி. சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மருந்தின் பின்விளைவு, மறுபக்கம் மருந்தே. ஒப்பிடுவது எதை எதோடு?

இந்த ஸ்கேன்களுக்குப் பயன்பட்ட எஃப்எம்ஆர்ஐ முறை நரம்புச் செல்லைப் பார்ப்பதில்லை, இரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. செரட்டோனின் ஏற்பிகள் இரத்தக் குழாயிலும் இருக்கின்றன. சைலோசிபின் நேரத்தில் மூளையின் சர்க்கரைப் பயன்பாடு கூடியது என்று சூரிச் குழு 1997-இல் பெட் ஸ்கேனில் கண்டது. 2012-இல் லண்டன் குழு 2 மி.கி. இரத்த நாளம் வழி ஏற்றி எடுத்த எஃப்எம்ஆர்ஐயில் இரத்த ஓட்டம் குறைந்தது. கூடியதா குறைந்ததா என்பதே அளக்கும் கருவியைப் பொறுத்து மாறியது.

ஏழு பேர், ஆளுக்குப் பதினெட்டு ஸ்கேன்

செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2024 ஜூலையில் நேச்சரில் வெளியிட்ட ஆய்வு இதே கேள்விக்கு எதிர்த்திசையில் போனது. ஆரோக்கியமானவர்கள் 7 பேர். ஆளுக்குச் சராசரி 18 முறை ஸ்கேன். டோஸுக்கு முன்பு, அன்று, பிறகு வாரக்கணக்கில். இப்படி எடுத்தால் ஒவ்வொருவரின் வலைப்பின்னல் வரைபடமும் தனித்தனியே தெளிவாகக் கிடைக்கும். பலரின் மூளையைச் சராசரியாக்கி மங்கவைக்க வேண்டியதில்லை. ஒப்பீட்டுக்கு 40 மி.கி. மெத்தில்ஃபெனிடேட், அதுவும் இதயத் துடிப்பை ஏற்றும், விழிப்பைக் கூட்டும். வெற்றுக் கேப்சூலை வைத்திருந்தால், துடிப்பு கூடியதால் வந்த மாற்றமும் சைலோசிபின் கணக்கிலேயே ஏறியிருக்கும்.

25 மி.கி. சைலோசிபினில் மூளை இணைப்புகள் மெத்தில்ஃபெனிடேட்டைப்போல் மூன்று மடங்குக்கும் மேலாகக் குலைந்தன. ஸ்கேனருக்குள் ஒரு எளிய வேலையைச் செய்யச் சொன்னபோது குலைவு தணிந்தது. பதறும் நோயாளியிடம் "கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், இங்கே கவனியுங்கள்" என்று வழிநடத்துநர்கள் சொல்வதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம். பெரும்பாலான மாற்றம் திரும்பிவிட்டது. நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியின் முன்பக்கத்துக்கும் சுயசிந்தனை வலைப்பின்னலுக்கும் இடையேயான இணைப்பு மட்டும் வாரக்கணக்கில் குறைந்தே இருந்தது. ஆனால் இவர்கள் யாருக்கும் மனச்சோர்வு இல்லை. இணைப்பு குறைந்ததும் நோய் தேறியதும் ஒன்றா என்ற கேள்வி இந்த ஆய்வில் எழவே இல்லை.

லண்டன் நோயாளிகளை 6 மாதம் கழித்துப் பார்த்தபோது மனச்சோர்வு இறக்கம் இரு குழுவிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. வேலை, பிறரோடு பழகுதல், வாழ்வில் பொருள் உணர்தல் போன்றவற்றில் சைலோசிபின் குழு முன்னே நின்றது. ஆய்வு முடிந்தபின் இரு குழுவிலும் பலர் வேறு சிகிச்சைக்குப் போயிருப்பார்கள் என்பதால் இதை அதிகம் இழுக்க முடியாது.

கடைசியாக ஓர் எண்ணை அருகில் வைக்க வேண்டும். 2025 ஜூனில் காம்பஸ் பாத்வேஸ் நிறுவனம் தன் மூன்றாம் கட்ட ஆய்வின் முதன்மை முடிவை அறிவித்தது: சிகிச்சைக்கு எளிதில் மசியாத மனச்சோர்வு உள்ள 258 பேர், ஒரே ஒரு 25 மி.கி. டோஸ், எதிரே வெற்று மருந்து. 6 வார இறுதியில் மான்ட்கோமரி-ஆஸ்பெர்க் அளவில் வித்தியாசம் 3.6. லண்டனில் அதே அளவில், அதே 6 வாரத்தில், வேலை செய்யும் என்று நிறுவப்பட்ட ஒரு மருந்துக்கு எதிராகவே 7.2 வந்திருந்தது. வெற்று மருந்தை 3.6 புள்ளியில் வெல்லும் ஒன்று, எஸ்சிடலோபிராமை 7.2 புள்ளியில் வெல்ல வேண்டுமானால், எஸ்சிடலோபிராம் வெற்று மருந்தைவிட மோசம் என்றாகும். லண்டனில் இரண்டு டோஸ், நோயாளிகளும் வேறு வகை. அதற்கு ஓரளவு விட்டுக்கொடுக்கலாம். மிச்சத்தைத் தேட வேண்டிய இடம், 1 மி.கி. வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய அந்த 29 பேரின் படிவங்கள்.